பின்வளவின் ஏழு குழாய்கள்

பைரவகந்தை அடிவாரத்தில் வீடு கட்டினவர்கள் எல்லாரும் தெருவுக்கு முகத்தையும் மலைக்கு முதுகையும் காட்டித்தான் கட்டினார்கள். தெருப்பக்கம் வர்ணம் பூசின கதவு, ஜன்னலுக்குக் கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார இரண்டு கதிரை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஈரம், பாசி, அட்டை. யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ஜமால்தீன் முதலாளி மட்டும் இதில் தலைகீழ். முன்கதவில் பச்சை வர்ணம் உரிந்து ஐந்தாறு வருஷம் ஆகியும் அவருக்கு அது கண்ணில் படவில்லை. பின்வளவில் ஒரு கல் அசைந்தால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. கண்டிப் பட்டணத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் அவர். ஆணி, சங்கிலி, பூட்டு, தண்ணீர்க் குழாய், குழாய்க்குப் போடுகிற தோல் வாஷர் எல்லாம் அங்கே கிடைக்கும்.

வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டி, இரண்டு ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர் கட்டியிருந்தது. சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே, ஏழு இரும்புக் குழாய்கள் வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். மலைக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்காமல் அந்தக் குழாய்கள் வழியாக வடிந்து, சுவரடியில் ஓடுகிற காணுக்குள் விழும். காணின் கோடியில் பலகை போட்டு மூடின ஒரு குழி. குசினித் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் வந்து சேருவதும் அதே குழியில்தான். அங்கிருந்து வீட்டுக்கு அடியால் மண்குழாயில் போய்த் தெருக்காணில் விழும்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, பகல் சோற்றைத் தின்று, ஒரு வெற்றிலையும் போட்டுக்கொண்டு ஜமால்தீன் சாரத்தை மடித்துக் கட்டுவார். குழிப் பலகையைத் தூக்குவார். சிரட்டை அகப்பையால் சேற்றை அள்ளி வாளியில் போட, மனைவி றலியா அதைக் கொண்டுபோய் வாழைக்குக் கொட்டுவாள். பிறகு நீளக் கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டு இழுப்பார். முதலில் மண் வரும், அப்புறம் செம்மண் தண்ணீர், அப்புறம் கண்ணாடி மாதிரித் தண்ணீர். கண்ணாடி வந்தால்தான் அடுத்த குழாய்க்குப் போவார். கடைசியாகக் குளிக்கிற இடத்தில் றலியா ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்க்க வேண்டும். அது குழிக்கு வந்து விழுகிற சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்பார்.

"மலை தண்ணி குடிக்கிது, றலியா. குடிச்சா மூத்திரம் பெய்யத்தானே வேணும்? உடாட்டி வயிறு ஊதிடும். ஊதி வெடிச்சா நம்மட தலைக்கு மேலதான் வெடிக்கும்."

"சீ! வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?"

"பைப்பு ஒடஞ்ச பொறகு ஓடி வாறவனாலதான் எண்ட கடை ஓடுது. எண்ட ஊட்டுலயும் யாவாரம் பாக்கச் செல்லுறியா?"

பதினெட்டு வருஷம் இது நடந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த வெள்ளிக்கிழமை ஒரு பெருநாள் மாதிரி. வாளி தூக்கித் தூக்கியே றலியாவுக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. அவர் "சரி" என்று சொல்லுமுன்பே சரியா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவள் அவள்தான். அதனால் என்ன பிரயோசனம் என்பதுதான் இந்தக் கதை.

முந்தின வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. ஆறுகள் குட்டைகுட்டையாக நின்று, நுளம்பு பெருகி, காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனது. கடுகண்ணாவைக்குச் சாமான் கொண்டுபோன ஜமால்தீன் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். கொயினாத் தூளும் கேட்கவில்லை, ஓதிப் பார்த்ததும் கேட்கவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து ஆறாம் நாள், பின்னறைக் கட்டிலில் மவுத்தாகிப் போனார்.

புருஷன் மவுத்தான பெண் மறைந்திருக்க வேண்டிய இத்தாவை றலியா அந்த அறையிலேயே இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும். வெள்ளைப் புடவை, பின்வளவைப் பார்த்த ஜன்னலுக்கு வெள்ளைத் திரை. கலியாணம் முடிக்க விலக்கில்லாத எந்த ஆணும் அவளைப் பார்க்கக் கூடாது. கூடப்பிறந்த தம்பி நஸீம் பார்க்கலாம், ஆனால் அவனே வத்தேகமத்தில் அதே காய்ச்சலில் எழும்ப ஏலாமல் கிடந்தான். புருஷனின் தம்பி மஹ்மூத் பார்க்கக் கூடாது, அவளும் அவனோடு நேரே பேசுவது வழக்கமில்லை. புருஷனின் தங்கை ரபீகா துணைக்கு வந்து தங்கினாள். சட்டிபானை கழுவ மஹய்யாவையிலிருந்து பேச்சியம்மா காலையில் வந்து பகலில் போவாள்.

ரபீகா முன்னறைக்கு வந்து இருக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"காத்து வரும் மைனி. இஞ்ச ஒரே புழுக்கமா ஈக்கி."

"இல்ல மச்சி. அவர் கண்ண மூடின எடம் இது. நாள் கொறையாம, அறை மாறாம நான் இஞ்சயே இருந்து முடிக்கோணும். அவருக்குச் செய்ய எனக்கு வேற என்ன ஈக்கி?"

அவளுக்கு உண்மையிலேயே வேறு ஒன்றும் இருக்கவில்லை. விரல்விட்டு எண்ணுவாள். எண்ணி முடிகிற நாள் வரைக்கும் அவள் இன்னும் அவருடைய பெண்சாதி. அதற்குப் பிறகு வெறும் றலியா.

மஹ்மூத் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கெட்டவனோடு சண்டை பிடிக்கலாம், நாலு பேரிடம் சொல்லி நியாயம் கேட்கலாம். அவனோ தங்கமான மனிசன். துணிக்கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நேரமும் வந்து, முன்வாசலில் நின்று என்ன வேண்டும் என்று ரபீகாவிடம் கேட்டுப் போவான். நானா என்று கூப்பிடுகிற அண்ணனுக்கு நாற்பதாம் நாள் ஓதிச் சோறு கொடுக்கிற கத்தத்தை ஊர் மெச்சச் செய்ய வேண்டுமென்று நின்றான். முன்னால் இடம் போதாது, பின்வளவில்தான் பாய் விரித்து சோற்றுச் சஹன் தட்டுகளை வைக்க வேண்டும். போய்ப் பார்த்தான். சேறு, பாசி, காண், குழாய்களிலிருந்து வடிகிற செம்மண் தண்ணீர். ஓதுகிற லெப்பைமார் உட்காருகிற இடத்தில் இப்படி அசுத்தமான நஜீஸ் தண்ணீர் ஒழுகலாமா?

முப்பத்தைந்தாம் நாள் ஒரு மேசன் பாஸைக் கூட்டிவந்து சீமெந்து போட ஏற்பாடு செய்தான். குழி, காண், வளவு எல்லாவற்றையும் மூடி ஒரே தரையாக. ஏழு குழாய்களுக்கும் சாக்குத் துணி திணித்து, அதற்கு மேலே சீமெந்துப் பூச்சு. ஒழுகுகிறதை அடைப்பது நல்லதுதானே என்று யாரும் நினைப்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் சாந்து குழைக்கிற சத்தம் கேட்டதும் றலியா எழும்பி நின்றுவிட்டாள்.

"மச்சி, ஓடிப்போய்த் தம்பிக்கிட்ட செல்லுங்கோ. அந்த ஏழு கொழாயையும் அடைக்க வேணாம். குழிப் பலகையையும் மூட வேணாம். அடச்சா சொவர் தள்ளிடும். இப்பவே செல்லுங்கோ."

"செல்லுறேன் மைனி. நீங்க ஓதிக்கிட்டு ஈங்கோ."

ரபீகா போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு றலியாவுக்குத் தெளிவாகவே கேட்டது.

"தம்பி, மைனி அந்தக் கொழாயள நெனச்சிக் கவலப்படுறா."

"பாவம். எதக் கண்டாலும் நானாட ஞாபகம் வரும்தானே. அழ வேணாமெண்டு செல்லுங்கோ ராத்தா. எல்லாத்தையும் நான் அழகாச் செஞ்சி தாறேன்."

ரபீகா திரும்பி வந்து, "செல்லிட்டேன் மைனி" என்றாள். பொய் சொல்லவில்லை. சொன்னாள்தான். குழாயைப் பற்றி ஆண்களிடம் பேசினால் சிரிப்பார்கள் என்று கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான். றலியா கட்டிலில் உட்கார்ந்து, கரண்டி தேய்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணினாள்.

கத்தம் சிறப்பாக நடந்தது. நெய்ச்சோற்று வாசம் தெருமுனை மட்டும் போனது. சாப்பிட்டு எழும்பினவர்கள் வளவைப் பார்த்து, "மஹ்மூத், நானா ஈக்கக்குள்ள இந்த எடம் சேத்துக்குட்டை. நீங்க பள்ளிவாசல் மாதிரி ஆக்கிட்டீங்கோ" என்றார்கள். அவன் கண் கலங்கினான்.

ஹஜ்ஜுப் பெருநாள் கிட்ட முட்டக் குளிக்கிற தண்ணீர் போக அடம்பிடித்தது. ஒரு வாளி ஊற்றினால் கணுக்காலில் நின்று, யோசித்து யோசித்து இறங்கும். பிறகு குசினியில் கெட்ட வாடை. சித்திரை மழை தொடங்கினதும் அறைச் சுவர் வியர்த்தது. றலியா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காலையில் முழங்கால் உயரத்துக்கு ஈரம், ஒரு கிழமையில் இடுப்புக்கு வந்தது. அவர் இருந்திருந்தால் இந்த ஈரத்தை வரவே விட்டிருக்க மாட்டார். வராமல் பார்த்த மனிசனை ஊரில் யாரும் மெச்சினதுமில்லை.

மறுபடி சொல்லி அனுப்பினாள். தண்ணீர் போகவில்லை, தரையைக் கொத்திக் குழியைத் துப்புரவாக்க வேண்டும் என்று.

மஹ்மூத் அன்றைக்குப் பின்னேரமே இரண்டு புது வாளி வாங்கிக் கொடுத்தனுப்பினான்.

"குளிக்கிற தண்ணிய இதுல புடிச்சி பேச்சியம்மாட்ட குடுத்து தெருக்காணுல ஊத்தச் செல்லட்டாம். மைனி சிரமப்பட வேணாமாம். மத்ததெல்லாம் இத்தா முடியப் பாப்பமாம்" என்றாள் ரபீகா.

வாளிகளைப் பார்த்து றலியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்ல கனமான வாளிகள். புருஷனின் கடையிலிருந்துதான் வந்திருந்தன.

பேச்சியம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போகையில் றலியா அவளை நிறுத்தினாள்.

"ஓங்கட புருசன் நகரசபைத் தண்ணிக் கந்தோருல தானே வேல?"

"ஆமாங்கம்மா. சின்னமுத்துன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். தொரைக்குக் கீழ ஓவர்சியர் ஐயா, அவருக்குக் கீழ இவருதான்."

"அந்த ஐயாவ மேல் றோட்டுல நிண்டு எங்கட பின்சொவர ஒருக்காப் பாக்கச் செல்லுங்கோ. பாத்தா அவருக்கே வெளங்கும்."

நான்காம் நாள் பின்னேரம் ஓவர்சியர் விவேகானந்தன் வந்தார். யாழ்ப்பாணத்து மனிசர், நெற்றியில் திருநீறு, கையில் நனைந்த குடை. மஹ்மூத் அப்போது முன்கூடத்தில் இருந்தான். றலியா நடைக்கதவுத் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். ரபீகா பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதலாளி, நான் மேல் றோட்டால போகேக்குள்ள பார்த்தனான். உங்கட பின்சுவர் நடுவில வயிறு தள்ளிக்கொண்டு நிக்குது."

"இருங்கோ சேர், இந்தக் கதிரைல. ராத்தா, சேருக்கு ஒரு பிளேன்டி!"

"தேத்தண்ணி பிறகு குடிப்பம். தண்ணி போக வழியில்லை, அதுதான் வருத்தம். நாளைக்கு ரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ? அரைநாள் வேலை. சீமெந்தைக் கொத்திக் குழாயளைத் திறந்துவிட்டால் போதும்."

மஹ்மூத் நடைக்கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"சேர், கோவிச்சிக்கொள்ளாதீங்கோ. உள்ளுக்கு எங்கட மைனி இத்தா ஈக்கிறா. அவட அறை ஜன்னல் அந்த வளவுக்குத்தான் தொறபடுற. அந்நிய ஆம்புளையள் அங்க நிண்டு கொத்தினா நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்? அவவ ஒரு குத்தம் செல்ல நான் உடுவேனா?"

"ஓம், விளங்குது. ஆனால் பாருங்கோ, அவவை ஒரு நாளைக்கு முன்னறையில இருத்தினால்..."

"முன்னறை தெருவுக்கு மொகம். இன்னும் முப்பத்தொரு நாள்தான் சேர். முடிஞ்ச அடுத்த நாள் விடிய நானே வந்து ஓங்களக் கூட்டிட்டு வாறேன்."

"சுவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது, முதலாளி. நகரசபைச் சுவர் எண்டால் நான் கேட்டுக்கொண்டு நிக்கமாட்டன். உங்கட வளவு, நீங்கள்தான் ஓம் எண்டு சொல்லவேணும்."

திரைக்குப் பின்னால் றலியாவுக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'நாளைக்கே ஆள் கூட்டிட்டு வாங்கோ, நான் முன்னறைக்குப் போறேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அறை மாற மாட்டேன் என்று அவள் பிடித்த பிடிவாதமெல்லாம் அந்த நேரம் கரைந்துவிட்டது, ஒரு நாள் என்ன, ஒரு கிழமை முன்னறையில் இருக்கத் தயார். ஆனால் இத்தாக்காரி திரைக்கு உள்ளே இருந்து அந்நிய ஆணுக்குக் குரல் கொடுப்பதா? சின்ன வயதில் அவளுடைய தெருவில் ஒருத்தி அப்படிப் பேசினதை அவள் கிழவியாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினார்கள். றலியா முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். குடை விரிக்கிற சத்தம் கேட்டது. ஓவர்சியர் போய்விட்டார். பிளேன்டி முக்காலியில் ஆறிப்போய் இருந்தது.

அன்றைக்கு இரவு முழுக்க அவளுக்குத் தன் மேலேயே கோபம். அந்தக் கோபத்தில்தான் ஓவர்சியர் வந்து போன நான்காம் நாள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பகல் சாப்பிட்டு ரபீகா முன்னறையில் அயர்ந்து தூங்கிவிட்டாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. றலியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சாமான் அறையிலிருந்த கனத்த இரும்பு அலவாங்கைத் தூக்கிப் பின்வளவுக்கு வந்தாள். நூற்றிமூன்று நாளைக்குப் பிறகு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேச்சியம்மா பதறி ஓடி வந்தாள்.

"அய்யோ, நீங்க ஏம்மா இதத் தூக்குறீங்க? குடுங்க இங்க. தோட்டத்துல கல்லு ஒடச்ச கை இது. எந்த எடத்துலன்னு மட்டும் காட்டுங்க."

பூசி மெழுகின சுவரில் குழாய் எங்கே என்று யாருக்குத் தெரியும்? றலியாவுக்குத் தெரியும். குளிக்கிற இடத்து மூலையிலிருந்து நாலு எட்டு வைத்தாள். குனிந்து ஒரு சாண் அளந்தாள்.

"இஞ்ச. இதுக்குள்ள மூணாங் கொழாய்."

பேச்சியம்மா ஏழெட்டுக் குத்துக் குத்தினாள். பூச்சு உதிர்ந்தது. சாக்குத் துணியின் நுனி தெரிந்தது. இரண்டு பேரும் பிடித்து இழுத்தார்கள். துணி வந்தது, அதன் பின்னாலேயே தண்ணீர் வந்தது. வடியவில்லை, பாய்ந்தது. எதிர்ச்சுவரில் போய் அடித்து பேச்சியம்மாவைத் தலையோடு நனைத்தது.

"யம்மாடி! எத்தன நாளா அடக்கி வச்சிருந்துச்சோ!"

றலியா சிரித்துவிட்டாள். புருஷன் சொன்ன அந்த அசிங்கமான பேச்சு நினைவுக்கு வந்து, வாயைப் பொத்தியும் அடங்காமல் சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. நல்ல சத்தமாகவே சிரித்தாள்.

பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது.

அது மட்டுமென்றால் பொறுக்கலாம். தண்ணீருக்குப் போக வழியில்லை. காணும் குழியும் சீமெந்துக்குக் கீழே. பாய்ந்த தண்ணீர் பள்ளிவாசல் மாதிரி வழுவழுத்த தரையில் ஓடி, வாசற்படியைத் தாண்டி, குசினிக்குள் புகுந்தது. "அடுத்தது குழி, குழியக் கொத்துங்கோ" என்று றலியா சொல்லிக்கொண்டிருக்கையில் ரபீகா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அரிசிச் சாக்கு நனைந்துகொண்டிருந்தது. திறந்த வெளியில் மைனி, கையெல்லாம் சேறு, முகத்தில் சிரிப்பு.

"யா அல்லாஹ்! மைனி, ஓங்களுக்கு என்ன புடிச்சீக்கி? உள்ளுக்கு வாங்கோ! அடுத்தூட்டுல பாக்குறாங்க!"

அலவாங்கு பிடுங்கப்பட்டது. றலியா உள்ளே இழுத்துப் போகப்பட்டாள். "குழி, மச்சி, குழிய மட்டும்" என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மாலையில் மஹ்மூத் வந்தான். கடையிலேயே நாலு பேர் அவனிடம் சொல்லிவிட்டார்கள். அறைக்கதவுக்கு வெளியே நின்றான். முதல் தடவையாக ரபீகாவை நடுவில் வைக்காமல் பேசினான்.

"மைனி, ஓங்கள ஒருத்தரும் ஒரு சொல்லுச் செல்லிடக்கூடாதெண்டுதான் நான் இவ்வளவு பாடும் படுறேன். நானாட பேருக்காக. இன்னம் கொஞ்ச நாள்தான். பொறுத்துக்கோங்கோ. ஓங்கட கால்ல உழுந்து கேக்குறேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் றலியா நின்றாள். இப்போதாவது சொல்லலாம். ஆனால் அவன் அழுகிறான். அழுகிற ஆளிடம் குழாயைப் பற்றி எப்படிப் பேசுவது? அவள் பேசாமல் இருந்ததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் காலை அவளுடைய கதவைச் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு வந்து, தானே சாந்து குழைத்து மூன்றாம் குழாயை அடைத்தான். பாஸைக் கூப்பிடவில்லை, அந்நிய ஆள் வேண்டாம் என்று. துணி வியாபாரி கைக்குச் சீமெந்து வேலை எங்கே வரும்? முழுப்பகலும் கஷ்டப்பட்டான், விரல்கள் வெந்துபோயின. தண்ணீர் அவனை இரண்டு தடவை தள்ளிவிட்டது, மூன்றாம் தடவை அவன் வென்றான். றலியா கட்டிலில் இருந்து அவன் மூச்சு வாங்குகிறதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் மேல் அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. அதுதான் கொடுமை.

பேச்சியம்மாவை வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. றலியா ஓதினாள், தொழுதாள், எண்ணினாள். ஈரம் தோள் மட்டத்துக்கு ஏறியது. சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக விழுந்தது. குடல் இரைகிற மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று சுவருக்குள் எப்போதும் கேட்டது. ரபீகாவுக்குக் கேட்கவில்லை. "காத்து மைனி" என்றாள். ஈரப்பலாக்காய்க் கறி வைத்து, தேங்காய்ப் பாலை நிறைய விட்டு, ஊட்டிவிடாத குறையாகச் சாப்பிட வைத்தாள். எல்லாரும் அவளை அருமையாகத்தான் வைத்திருந்தார்கள்.

நூற்றிப்பதினைந்தாம் நாள் பிடித்த மழை விடவில்லை. இரண்டு நாளும் கண்டி வானம் கூரைக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. கூரைத் தண்ணீர் வடிகிற பீலியெல்லாம் பொங்கி வழிந்தது. நூற்றிப்பதினேழாம் நாள் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்க றலியா குளிக்கிற இடத்துக்குப் போனாள். முதல் கையில் தண்ணீர் அள்ளும்போது சின்னக் கற்கள் உருளுகிற சத்தம் கேட்டது. அள்ளின தண்ணீரை அப்படியே வைத்துக்கொண்டு காதைச் சாய்த்தாள்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. யாரோ மிகப் பெரிய மூட்டையொன்றைக் கீழே இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம். வீடு ஒரு தடவை குலுங்கியது. அவள் நடைக்கு வந்து பார்த்தபோது பின்னறை இல்லை. கதவுநிலை நின்றது. நிலைக்குள் கல்லும் சேறும் வேரும் நிரம்பி, மெல்ல மெல்ல இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டில், தொழுகிற முசல்லா, வெள்ளைத் திரை ஒன்றையும் காணோம். அவர் கண்ணை மூடின இடம் எது என்று இனி யாராலும் காட்ட ஏலாது.

ரபீகா தெருவுக்கு ஓடி, "மைனி உள்ளுக்கு! மைனி உள்ளுக்கு!" என்று கத்தினாள்.

தெரு முழுக்க ஓடி வந்தது. கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், தண்ணிக் கந்தோர் ஆட்கள். சின்னமுத்துவும் மண்வெட்டியோடு வந்தான். பார்க்கவே கூடாதென்று நான்கு மாதமாகத் தடுத்து வைத்த ஆண்களெல்லாம் செருப்புக் காலோடு கூடத்துக்குள் நின்றார்கள். றலியா குசினி மூலையில் ஒதுங்கினாள். நனைந்த புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. அவளை யாரும் கவனிக்கவில்லை, எல்லாருக்கும் அவள் மண்ணுக்குள் இருந்தாள்.

மஹ்மூத் எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்தான். மண்வெட்டி வாங்கக்கூட நிற்கவில்லை. குசினிக் கதவால் வளவுக்கு இறங்கி, மண்ணில் முழங்கால் குத்தி, பத்து விரலாலும் தோண்டினான். "மைனி! மைனி! நானா, நான் என்ன செய்ய, நானா!" சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். றலியாவுக்கும் அவனுக்கும் நடுவே மூன்று எட்டுத்தான் இருந்தது. அவனுக்கு மேலே, விழாமல் மிச்சமிருந்த சுவர்த்துண்டு மழையில் அசைந்தது. அடியில் செம்மண் தண்ணீர் கொப்பளித்தது. அந்தக் கொப்பளிப்பு என்ன சொல்கிறதென்று அங்கே நின்ற இருபது ஆண்களுக்கும் தெரியவில்லை.

"தம்பி!" என்றாள் றலியா.

அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

"தம்பி, அங்க நிக்காதீங்கோ! மத்தச் சொவரும் வருது. இந்தப் பக்கம் தள்ளுங்கோ! எல்லாரும் தள்ளுங்கோ!"

மஹ்மூத் துள்ளி விலகினான். சின்னமுத்து அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அவன் முழங்கால் பதிந்திருந்த குழியின் மேல் கருங்கல் வந்து இறங்கியது. மழை விடாமல் பெய்தது.

மஹ்மூத்துக்கு உயிர் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். விம்மி விம்மி நாலைந்து தடவை சொன்னான். ஆனால் திரும்பவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்ணைப் பார்த்தபடியே, சேறு பூசின இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். பிறகு மிகவும் மரியாதையாக, மிகவும் அன்பாகச் சொன்னான்:

"மைனி, உள்ளுக்குப் போய்டுங்கோ. ஆம்புளையள் வந்தீக்கி."

றலியா போவதற்கு இடம் பார்த்தாள். ஒரு பக்கம் மலை வந்து நின்றது. மறுபக்கம் தெருவாசல் வரைக்கும் ஆண்கள் நின்றார்கள். நனைந்த முக்காட்டை முகம் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டு, குசினிச் சுவரைப் பார்க்கத் திரும்பி அப்படியே நின்றாள். இத்தா முடிய இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.